பயொப்சி ரிப்போர்ட்டில் ‘குரோனிக் அக்டிவ் கொலைட்டிஸ்’: எந்த வகை என்று எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

களுதாவளைத் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்கு வயது 34. சில மாதங்களாக இரத்தமும் சளியும் கலந்து வயிற்றோட்டம். வயிற்றுளைவு என்று நினைத்து ஊரிலேயே மருந்து எடுத்தோம். நின்ற மாதிரி நின்று திரும்பவும் தொடங்கிவிட்டது. பிறகு கொலனோஸ்கோபி செய்து (பெருங்குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்த்து) பயொப்சிக்குச் சிறு சதைத் துணுக்குகள் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘குரோனிக் அக்டிவ் கொலைட்டிஸ்’ (கொலைட்டிஸ் என்றால் பெருங்குடல் அழற்சியாம்) என்று போட்டு, கீழே ‘நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கவும்’ என்று ஒரு வரி. நோயின் பெயரைக் காணவில்லை.

இன்னும் சில பரிசோதனைகள் முடியட்டும், அதற்குப் பிறகு பெரிய மருந்தைத் தொடங்கலாம் என்கிறார் கிளினிக் டொக்டர். அக்கா பயந்துபோய் இருக்கிறா. வீட்டில் ஒருவர் அமீபா என்கிறார், இன்னொருவர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், ஆயுளுக்கும் மருந்து என்கிறார். சதையை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகும் பெயர் சொல்ல முடியாதா? தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவி.

நுணுக்குக்காட்டி:

தம்பி, நான் நோயியல் பிரிவில் வேலை செய்கிற வைத்தியர். அந்த ரிப்போர்ட் அரைகுறையாக எழுதப்பட்டது என்று நினைக்க வேண்டாம். எங்கள் மேசைக்கு வருவது இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவுள்ள துணுக்குகள். பெருங்குடல் சுவரின் உட்சவ்வும், அதிர்ஷ்டம் இருந்தால் அதற்குக் கீழே கொஞ்சமும் அதில் இருக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போல நாட்பட்ட இன்னொரு குடல் அழற்சியான குரோன்ஸ் நோய் சுவரின் முழுத் தடிப்பையும் பிடிக்கும், ஆனால் ஸ்கோப்பின் இடுக்கி அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. அதனால் மேலே தெரிகிற அடையாளங்களை வைத்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் நான் பார்ப்பது கிரிப்ட் எனப்படும் சுரப்பிக் குழிகளின் அமைப்பை. நல்ல குடலில் அவை ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, அடியில் உள்ள மெல்லிய தசைப்படை வரைக்கும் இறங்கி நிற்கும். தென்னந்தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்து வடிந்த தோட்டத்தில் சேறும் குப்பையும் கிடக்கும், மரங்கள் வரிசை குலையாமல் நிற்கும். 1978 சூறாவளிக்குப் பிறகு எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் எப்படி வரிசை குலைந்து கிடந்தன என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கிருமியால் வந்து தானாகக் குணமாகிற அழற்சி, வெள்ளம் வடிந்த தோட்டம் போல, முதல் வகை: சல்மொனெல்லா, ஷிகெல்லா, கம்பைலோபக்டர் போன்றவை. அங்கே நியூட்ரோபில் என்ற வெள்ளைக் கலங்கள் நிறைய இருக்கும், அதுவும் பெரும்பாலும் மேற்பகுதியில். கிரிப்ட் அமைப்போ கலையாமல் இருக்கும். நாட்பட்ட அழற்சி, சூறாவளி அடித்த தோட்டம் போல, இரண்டாவது வகை. கிரிப்ட்கள் கிளைவிடும், வளையும், குட்டையாகும், எண்ணிக்கையில் குறையும், தசைப்படைக்கும் அவற்றின் அடிக்கும் இடையில் வெளி விழும். அந்த வெளியில் பிளாஸ்மா கலங்கள் என்ற எதிர்ப்புக் கலங்கள் கூட்டமாக வந்து குந்தியிருக்கும். உங்கள் ரிப்போர்ட்டின் ‘குரோனிக்’ இதைத்தான் சொல்கிறது. கிரிப்ட் சுவருக்குள் நியூட்ரோபில் புகுந்து சிறு சீழ்க்குழிகளை உண்டாக்கியிருந்தால் ‘அக்டிவ்’ என்று சேர்ப்போம்.

இதற்குக் காலமும் முக்கியம். கிரிப்ட் அமைப்பு குலைந்து தெரிவதற்கு ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் எடுக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் பயொப்சி எடுத்தால், கிருமித் தொற்றுப் போலவே தெரியலாம். அடியில் பிளாஸ்மா கலங்கள் கூடுவது அதற்கு முன்பே வரும், அதனால்தான் அந்த ஒரு அடையாளத்தை நாங்கள் அவ்வளவு ஆர்வமாகத் தேடுகிறோம்.

அக்காவின் துணுக்குகள் எந்தெந்த இடத்தில் எடுக்கப்பட்டன என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா? ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்களா?

ஆரையம்பதி அக்கா:

டொக்டர் நன்றாக விளக்கினீர்கள். ஆனால் எனக்கு விளங்காத ஒன்று: மருந்து தொடங்கத் தாமதிப்பது சரியா? இரத்தம் போய்க்கொண்டே இருக்கும்போது பரிசோதனை பரிசோதனை என்று நாட்களைக் கடத்துகிறார்களே.

நுணுக்குக்காட்டி:

நியாயமான கேள்வி. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் கடுமையாக இருந்தால் முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீரொய்ட், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. உண்மையில் இருப்பது அமீபா என்றால் அதே ஸ்டீரொய்ட் குடல் ஓட்டையாகிற அளவுக்குக் கொண்டுபோய் விடலாம். எங்களைப் போன்ற வெப்பமான நாடுகளில், வெள்ளம் வந்தால் கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றாகிற ஊர்களில், இந்தச் சந்தேகத்தை முதலில் தீர்க்காமல் ஸ்டீரொய்ட் எழுதக் கூடாது என்பதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன்.

பயொப்சியில் அமீபாவைத் தேடும் இடமே வேறு. அது சதைக்குள்ளே குறைவு. புண்ணின் மேல் படிந்திருக்கிற சளியிலும் அழுகிய படலத்திலும்தான் அதிகம். ஸ்கோப் செய்கிறவர் புண்ணைச் சுத்தமாகக் கழுவிவிட்டு நல்ல சதையை மட்டும் எடுத்தால் அமீபா தண்ணீரோடு போய்விடும். சாதாரணச் சாயத்தில் அது ஒரு வீங்கிய வெள்ளைக் கலம் மாதிரித் தெரிந்து கண்ணை ஏமாற்றும். பாஸ் என்று ஒரு சாயம் இருக்கிறது, அதில் ஊதாச் சிவப்பாக எடுப்பாகத் தெரியும். அதன் வயிற்றுக்குள் விழுங்கப்பட்ட செங்குருதிக் கலங்கள் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. மலத்தில் முட்டைபோல உருண்ட வடிவத்தை மட்டும் பார்த்து அமீபா நோய் என்று முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் தீங்கு செய்யாத இன்னொரு அமீபாவும் அதே தோற்றத்தில் இருக்கும்.

இதோடு ஸ்ட்ரொங்கிலோயிட்ஸ் என்ற புழுவையும் நினைக்க வேண்டும். வெறுங்காலோடு மண்ணில் நடக்கிறவர்களின் தோல் வழியாக உள்ளே வரும். சதையில் ஈயோசினோபில் என்ற இன்னொரு வகை வெள்ளைக் கலங்கள் கணக்குக்கு மேல் இருந்தால் தேடுவோம். இதிலும் ஸ்டீரொய்ட் கொடுத்தால் புழு உடம்பெங்கும் பரவி உயிரையே எடுக்கலாம்.

அதற்காக, கடுமையாக இருப்பவரை வீட்டில் வைத்துக் காத்திருக்கச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 6 தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு போகிறது, அதோடு காய்ச்சல் அல்லது நாடி நிமிடத்துக்கு 90க்கு மேல் என்றால் அன்றைக்கே வார்ட்டில் சேர வேண்டும். அங்கே பரிசோதனையும் மருந்தும் ஒன்றாக நடக்கும்.

கல்லடி லாப்:

நான் ஆய்வுகூடத்தில் துணுக்குகளைப் பதப்படுத்துகிற ஆள். டொக்டர் கேட்ட ‘எந்த இடம்’ என்ற கேள்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில நேரம் ஐந்தாறு இடத்தில் எடுத்த துணுக்குகள் எல்லாம் ஒரே போத்தலுக்குள் வருகின்றன. லேபலில் ‘பெருங்குடல்’ என்று மட்டும் இருக்கும். அதற்குப் பிறகு எது நேர்குடல், எது குருட்டுக்குடல் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. சிறுகுடலின் கடைசிப் பகுதி, நேர்குடல் உட்படக் குறைந்தது ஐந்து இடங்களில், இடத்துக்கு இரண்டு துணுக்காவது, தனித்தனிப் போத்தலில் என்பதுதான் முறை.

இன்னொன்று, சதையைக் கெடாமல் வைக்கும் போமலின் திரவம். பயொப்சித் துணுக்கை 10 வீத போமலினில் உடனே போட வேண்டும். ஆனால் காசநோய்க்கு கல்ச்சர் செய்ய வேண்டும் என்றால் அந்தத் துணுக்கு சேலைனில் தனியாக வர வேண்டும். போமலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு எதுவும் வளராது. இதை ஸ்கோப் செய்வதற்கு முன்பே யோசித்து வைத்திருந்தால் நோயாளி இரண்டாம் தடவை குடலைக் கழுவிக்கொண்டு வரத் தேவையில்லை.

சாய்ந்தமருது மகள்:

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த இழையை வாசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் உம்மாவுக்கு வயது 61. இரத்தம் இல்லை, தண்ணீராகப் போகிறது, இரவிலும் எழும்பிப் போகிறா. கொலனோஸ்கோபியில் ‘எல்லாம் நோர்மல்’ என்றார்கள். நோர்மல் என்றால் ஏன் பயொப்சி எடுத்தார்கள் என்று வாப்பாவுக்குக் கோபம். பிறகு ரிப்போர்ட்டில் ‘லிம்ஃபோசைட்டிக் கொலைட்டிஸ்’ என்று வந்திருக்கிறது. இதுவும் அதே நோய்க் குடும்பமா? புற்றுநோயாக மாறுமா?

நுணுக்குக்காட்டி:

வஅலைக்கும் ஸலாம். தங்கச்சி, உங்கள் உம்மாவுக்குப் பயொப்சி எடுத்தவர் மிகச் சரியான வேலை செய்திருக்கிறார் என்று வாப்பாவிடம் சொல்லுங்கள். இந்த நோய் கண்ணுக்குத் தெரியாது. நுணுக்குக்காட்டியில் மட்டுமே தெரியும், அதனால் மைக்ரொஸ்கொபிக் கொலைட்டிஸ் என்று ஒரு தனி வகை. நடுவயதைத் தாண்டிய பெண்களில் அதிகம்.

அதில் இரண்டு பிரிவு. குடலின் உட்பக்கத்தை மூடியிருக்கும் மேலணிக் கலங்கள் 100க்கு இடையில் 20 அல்லது அதற்கு மேல் லிம்ஃபோசைட் என்ற வெள்ளைக் கலங்கள் புகுந்திருந்தால் லிம்ஃபோசைட்டிக். மேலணிக்குக் கீழே உள்ள கொலாஜன் பட்டி 10 மைக்ரோமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் கொலாஜனஸ். இரண்டாவதை 1976இல் லின்ட்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நோயியலாளர் முதன்முதல் விவரித்தார். கொலாஜன் பட்டி நன்றாகத் தெரிவதற்கு மாசன் ட்ரைக்ரோம் சாயம் போடுவோம். இரண்டிலும் கிரிப்ட் அமைப்பு பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். தடிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது, நேர்குடலில் மட்டும் எடுத்தால் தவறிப்போகும். வலப்பக்கம் இடப்பக்கம் இரண்டிலும் எடுக்க வேண்டும்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நீண்ட காலம் இருந்தால் புற்றுநோய் ஆபத்துக் கூடும், இதில் அப்படி இல்லை. முதல் வேலையாக உம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து என்ன மருந்துகள் குடிக்கிறா என்று டொக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோபெனாக் போன்றவை, நெஞ்செரிவுக்கு ஒமிப்ரசோல், லான்சொப்ரசோல், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டர் பார்த்து மாற்றுவார். அது போதாவிட்டால் பியூடசொனைட் என்ற, குடலில் வேலை செய்யும் ஸ்டீரொய்ட் நன்றாக வேலை செய்யும்.

சாய்ந்தமருது மகள்:

மூட்டு வலிக்குப் பாமசியில் வாங்கி நீண்ட நாளாகக் குடிக்கிறா டொக்டர். கிளினிக்கில் இதை யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. ஜஸாக்கல்லாஹ்.

திருக்கோவில் அண்ணன்:

டொக்டர் கோபிக்க வேண்டாம், நான் கொஞ்சம் எதிராகச் சொல்லப் போகிறேன். என் தம்பிக்கு முதலில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். மூன்று வருடம் கழித்து வேறு ஓர் இடத்தில் ‘இது குரோன்ஸ்’ என்றார்கள். ஒரே குடல், ஒரே ஆள். அப்படியானால் இந்தப் பயொப்சி எல்லாம் ஊகம்தானே? அமைப்பு, வளைவு, எண்ணிக்கை என்று எவ்வளவு சொன்னாலும் கடைசியில் பார்க்கிறவரின் அபிப்பிராயம்தானே?

நுணுக்குக்காட்டி:

கோபம் இல்லை அண்ணன். உங்கள் தம்பி பட்ட அலைச்சலுக்கு அந்தக் கேள்வி வரத்தான் வேண்டும். அபிப்பிராயம் கலக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊகம் என்பதை ஏற்க மாட்டேன்.

குரோன் என்பவரும் கூட்டாளிகளும் 1932இல் எழுதியது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும் நோயைப் பற்றி. அது பெருங்குடலை மட்டும் கூடப் பிடிக்கும் என்பதைப் பல வருடங்கள் வைத்திய உலகம் ஏற்கவில்லை, பெருங்குடலில் கண்டதை எல்லாம் அல்சரேட்டிவ் என்றே எழுதினார்கள். 1960இல் லண்டனில் லொக்ஹார்ட்-மம்மெரி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் மோர்சன் என்ற நோயியலாளரும் சேர்ந்து, வெட்டி எடுத்த குடல்களை வைத்து இரண்டும் வேறு வேறு என்று காட்டினார்கள். முழுக் குடலும் மேசையில் இருக்கும்போது பிரிப்பது சுலபம். துணுக்கில்தான் சிரமம்.

துணுக்கில் எதை வைத்துப் பிரிக்கிறோம்? அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நேர்குடலில் தொடங்கி இடைவெளி இல்லாமல் மேலே ஏறும், நோய் பிடித்த பகுதியில் ஒவ்வொரு துணுக்கும் ஒரே மாதிரி நோயுற்றிருக்கும். குரோன்ஸ் விட்டுவிட்டு வரும், ஒரே துணுக்கின் ஒரு மூலை நன்றாகவும் மறுமூலை அழற்சியாகவும் இருக்கும். சிறுகுடல் முனையிலும் நாட்பட்ட மாற்றம் இருந்தால் குரோன்ஸ் பக்கம் சாய்வோம். கிரனுலோமா, அதாவது எதிர்ப்புக் கலங்கள் திரண்ட சிறு முடிச்சு, கிடைத்தால் இன்னும் பலம், ஆனால் குரோன்ஸ் உள்ளவர்களின் பயொப்சிகளில் பாதியில் கூட அது கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உடைந்த கிரிப்ட்டின் பக்கத்தில் இருந்தால் அது கணக்கில் வராது, உடைந்து கசிந்த சளிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது.

இப்போது உங்கள் தம்பியின் கதைக்கு வருகிறேன். அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு மருந்து தொடங்கியபின், முக்கியமாக எனிமா வைத்தபின், நேர்குடல் ஆறி மேலே நோய் மிஞ்சியிருக்கும். அந்த நேரத்தில் பயொப்சி எடுத்தால் விட்டுவிட்டு வந்தது போலத் தெரியும், குரோன்ஸ் என்று பிழையாக வாசிக்கலாம். ஆகவே மருந்து தொடங்க முன் எடுத்த முதல் பயொப்சி தங்கம். உங்கள் தம்பியின் இரண்டாவது முடிவு சரியாகவும் இருக்கலாம், மருந்து போட்ட குடலைப் பார்த்ததாகவும் இருக்கலாம். முதல் ஸ்லைட்களையும் பிந்தியவற்றையும் ஒருவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 10 பேரில் ஒருவரளவில் எவ்வளவு பார்த்தும் பிரிக்க முடியாமல் ‘வகைப்படுத்தாதது’ என்றே எழுதுகிறோம். அது நேர்மையான முடிவு. வேலை செய்யாமல் தப்பிக்க எழுதுவது அல்ல.

நிந்தவூர்க் காக்கா:

நீங்கள் காசநோயை இன்னும் தொடவில்லையே டொக்டர். என் மச்சானுக்கு குரோன்ஸ் என்று சொல்லி மருந்து தொடங்கப் போன நேரம், ஒரு வைத்தியர் மட்டும் பிடிவாதமாக நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வைத்தார். கடைசியில் குடல் காசநோய். இப்போது ஆள் நன்றாக வயலுக்குப் போகிறார்.

நுணுக்குக்காட்டி:

காக்கா, அந்த வைத்தியருக்கு என் வணக்கம். எங்கள் வேலையில் மிகக் கடினமான பிரிப்பு இதுதான். காசநோயும் குரோன்ஸும் ஒரே இடத்தை விரும்பும்: சிறுகுடல் முனையும் குருட்டுக்குடலும். இரண்டிலும் புண், இரண்டிலும் கிரனுலோமா, இரண்டிலும் மெலிவு.

காசநோய்க் கிரனுலோமாக்கள் பெரியவை, நிறைய இருக்கும், ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், நடுவில் பாலாடைக்கட்டி போல இறந்த இழையம் இருக்கலாம். குரோன்ஸில் சிறியவை, அங்கொன்று இங்கொன்று, நடுவில் அழுகல் இல்லை. புண்ணின் ஓரம் முழுக்க எபிதெலொயிட் கலங்கள் (கிரனுலோமாவில் இருக்கும் கலங்கள்) பட்டியாக நின்றால் காசநோயை நினைப்போம். ஆனால் நடுவில் அழுகல் தெரியாத காசநோயும் தாராளமாக உண்டு. சீல்-நீல்சன் சாயத்தில் சிவப்புக் கோலாகக் கிருமி தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தம் இல்லை. குடல் பயொப்சியில் பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஆகவே கல்ச்சர், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் சேர வேண்டும். குரோன்ஸுக்குக் கொடுக்கும், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அடக்கும் ஊசிகள் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும். காசநோய் மருந்தோ முழுமையாகக் குணப்படுத்தும், எங்கள் நாட்டில் மார்பு நோய் கிளினிக்கில் இலவசமாகவே கிடைக்கும். ஒன்றைக் குணமாக்கலாம், மற்றதைக் கட்டுப்படுத்தத்தான் முடியும். இதைப் பிரிக்காமல் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

களுதாவளைத் தம்பி:

மன்னிக்கவும், வேலைக்குப் போய் இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதுகிறேன். ஐந்து போத்தல். சிறுகுடல் முனை: நோர்மல். குருட்டுக்குடல், குறுக்குக் குடல்: குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சிக்மொயிட் (நேர்குடலுக்கு மேலே உள்ள வளைவு), நேர்குடல்: கிரிப்ட் அமைப்புக் குலைவு, அடியில் பிளாஸ்மா கலங்கள், கிரிப்ட் சீழ், சளிக் கலங்கள் குறைவு, பனெத் கலங்கள் உண்டு. கிரனுலோமா இல்லை. பாஸ் சாயத்தில் அமீபா இல்லை. இதற்கு முன் அக்கா எனிமாவோ ஸ்டீரொய்டோ எடுக்கவில்லை.

நுணுக்குக்காட்டி:

இது நல்ல ரிப்போர்ட் தம்பி. எழுதியவர் நோயின் பெயரைச் சொல்லவில்லையே தவிர, சொல்ல வேண்டியதை எல்லாம் வைத்திருக்கிறார். பனெத் கலங்கள் என்ற சுரப்புக் கலங்கள் குருட்டுக்குடலில் இயல்பாகவே இருக்கும், இடப்பக்கத்தில் இருக்கக் கூடாது. சிக்மொயிட்டில் தெரிவது அங்கே அழற்சி நீண்ட காலம் இருந்ததற்குச் சாட்சி. நேர்குடலில் தொடங்கி இடைவெளி இல்லாமல் இடப்பக்கம், வலப்பக்கம் சுத்தம், சிறுகுடல் சுத்தம், மருந்து படாத குடல். நான் ஸ்லைட்டைப் பார்க்கவில்லை, அதனால் முடிவு என் கையில் இல்லை. ஆனால் இந்த வரிகள் இடப்பக்க அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பக்கம்தான் சாய்கின்றன. உங்கள் டொக்டர் மலப் பரிசோதனை முடியும்வரை பொறுப்பது மற்றக் கிருமிகளை விலக்கத்தான். நோய் அந்த அளவோடு நின்றால் குடல் அழற்சியைக் குறைக்கும் மெசலசீன் மாத்திரையும் எனிமாவுமே பலருக்குப் போதும், ஸ்டீரொய்ட் தேவைப்படாமலே போகலாம்.

பின்னால் எப்போதாவது ஸ்டீரொய்ட் கொடுத்தும் அடங்காவிட்டால், சைட்டோமெகலோ வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கப் புதிதாக ஒரு பயொப்சி கேட்க வேண்டும். இப்போது அதற்கு அவசியம் இல்லை.

களுதாவளைத் தம்பி:

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். முதல் தடவையாக அவவே கேள்வி கேட்டா: கொழும்பில் இரண்டாவது அபிப்பிராயம் எடுக்கிறதென்றால் திரும்பவும் கொலனோஸ்கோபி செய்ய வேண்டுமா?

கல்லடி லாப்:

வேண்டாம் தம்பி. துணுக்குகள் மெழுகுக் கட்டிக்குள் இருக்கின்றன, அவற்றை ஆய்வுகூடங்கள் வருடக்கணக்கில் வைத்திருக்கும். கிளினிக் டொக்டரிடம் கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு, ரிப்போர்ட்டில் உள்ள ஆய்வுகூட இலக்கத்தைச் சொல்லி ஸ்லைட்களையும் மெழுகுக் கட்டிகளையும் கேளுங்கள். வேறு சாயம் போட வேண்டி வந்தால் அந்தக் கட்டியிலிருந்தே நான்கு ஐந்து மைக்ரோமீற்றர் தடிப்பில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். கொண்டுபோகும்போது வெயில் படுகிற இடத்தில், மூடிய வாகனத்துக்குள் விட்டுவிட வேண்டாம், மெழுகு இளகும். கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டின் கொப்பியையும் கட்டாயம் கூடவே அனுப்புங்கள்.